ஒரு துணி குறைகிறது

அறுபத்து மூன்று இருக்க வேண்டும் என்கிறீர்கள், மேட்ரன்.
நானும் இருமுறை எண்ணிவிட்டேன். அறுபத்திரண்டு.
ட்ரைஃபீனா மெக்ஃபாய் என்ற பெயருக்கு நேரே
ஒரு ஷில்லிங் கழித்துக்கொள்ளுங்கள்.
காற்றைக் குற்றம் சொல்லலாம்.
பாலைவனத்திலிருந்து புறப்பட்டு வரும் ஹர்மட்டான்
ஃப்ரீடவுன் கொடிகளில் எதைத்தான் விட்டுவைக்கிறது?

ஆனால் காற்று இல்லை.

சிவப்பு நூல் தைத்தது பிரசவ வார்டு.
கறுப்பு நூல், குன்றின் மேலிருக்கும் பைத்தியக்கார விடுதி.
நூலே இல்லாதவை கப்பல்காரர்களுடையவை,
காய்ச்சலும் ரம்மும் ஊறியவை.
மூன்றையும் ஒரே கொப்பரையில் அவிக்கக் கூடாதென்று
சுவரில் ஒரு தாள். எனக்கு வாசிக்கத் தெரியும்,
மிஷன் பள்ளியில் ஆறு வருடம்.
இங்கே யாரும் கேட்டதில்லை,
அதனால் துணிகளை வாசிக்கிறேன்.

எவள் கத்தினாள், எவள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள்,
தலையணை உறை சொல்லிவிடும்.
எந்தக் குழந்தை மூச்சுவிடவில்லை என்பது
டாக்டர் ப்ரௌஸின் பேரேட்டில் ஏறுமுன்
என் கூடைக்கு வந்து சேரும்:
அழுக்கே படாத அணையாடையாக.

குன்றிலிருந்து வருபவை வேறு பாஷை.
சங்கிலி படுத்த இடத்தில் துரு.
மென்று மென்று ஓரம் நூலாகிப்போன போர்வை.
எவளோ நகத்தால் கிழித்து
எவளோ முடிச்சிட்டுச் சேர்த்த பாவாடை.

போன மாதம் ஒரு செவ்வாய்,
கறுப்பு நூல் சட்டை ஒன்றில்
மார்புப் பக்கம் இரண்டு வட்டங்கள், விறைப்பாக.
மரவள்ளிக் கஞ்சி என்றுதான் நினைத்தேன்.
முகர்ந்தேன்.
பால்.

உங்கள் தாளில் அதற்கு நூல் நிறம் கிடையாது, மேட்ரன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.
கூடை சுமக்கும் க்ரூ பையன் நிம்லியைக் கேட்டேன்.
பெயர் யேபு. மெண்டேக்காரி.
ஆற்று வழியே படகில் கொண்டுவந்தார்களாம்.
பெற்ற மூன்றாம் நாள் கட்டிலைவிட்டு எழுந்து
தன் பேச்சைப் பேசிக்கொண்டே
துறைமுகம் நோக்கி நடந்தாளாம்.
அந்தப் பேச்சுத் தெரிந்தவர் அன்று பணியில் இல்லை.
ஆகவே பிதற்றல் என்று எழுதினார்கள்.
எழுதினால் ஏறித்தானே ஆகவேண்டும் குன்று.

பிள்ளை சிவப்பு நூலில் தங்கிவிட்டது.
டின் பாலைக் கரைத்து ஊட்டுகிறார்கள், கக்குகிறது.
அதுவும் என்னிடம்தான் வருகிறது, புளித்த மணத்தோடு.
தாயின் பால் ஒரு மூட்டையில்,
பிள்ளை துப்பிய பால் ஒரு மூட்டையில்.
நடுவில் அரை மைல் மேடு,
இரண்டையும் தொடுகிற என் கை.

வியாழனன்று
பதினான்காம் கட்டிலின் சுற்றுத்துணியை
தண்ணீரில் போடவில்லை.
இருபத்தாறு வருடத் துவைப்பில் முதல் முறை.
விரல்களுக்குப் பொறுக்கவில்லை,
தாமாகவே கொப்பரைப் பக்கம் போயின.
இழுத்துப் பிடித்து
வெளுத்த போர்வைகளின் நடுவில் அதை மடித்து வைத்தேன்.
குன்றுக் காவலாளி மேலே இரண்டு பார்ப்பான்,
கீழே இரண்டு பார்ப்பான்.
நடுவைப் பார்க்கமாட்டான்.

அதை வைத்து அவள் என்ன செய்தாளோ.
நிம்லியும் பார்க்கவில்லை.
சனிக்கிழமை வந்த சட்டை மட்டும்
கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்து வந்தது.
வட்டங்கள் இல்லை. ஒரே ஈரம்.
நல்லது செய்தேனா, வற்றவிருந்ததைக்
கிளறிவிட்டேனா, எனக்குத் தெரியவில்லை.
அன்று அந்தச் சட்டையைக் கடைசியாகத்தான் நனைத்தேன்.

என்ன கேட்டீர்கள்?
ஆமாம், மேட்ரன். காற்றுதான்.
இந்த வியாழன் இன்னும் பலமாக அடிக்கும் போலிருக்கிறது.